'கேள்'னா ரெண்டு அர்த்தம்!

பாலக்கரையில ஏதாவது ஒரு டீக்கடை வாசல்ல நின்னு, "மனசே சரியில்ல மச்சி"ன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்க. டீ ஆத்தி கைக்கு வர்றதுக்குள்ள நாலு அட்வைஸ் வந்துடும். "கோயிலுக்குப் போயிட்டு வாடா", "நல்லா தூங்கி எந்திரி, சரியாயிடும்", "இதுக்கெல்லாமா ஃபீல் பண்ணுவாங்க?" கடைசியா, "எனக்கு வந்த கஷ்டத்தைக் கேட்டா நீ அழுதுடுவே"ன்னு ஒரு ஃப்ளாஷ்பேக் வேற! நாலு பேருமே நல்லவங்க. நாலு பேருக்குமே நம்ம மேல பாசம்தான். ஆனா ஒருத்தர்கூட "ஏன்... என்னாச்சு?"ன்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் வாயைத் திறக்காம நின்னிருக்க மாட்டாங்க.

நம்ம ஊர்ல அட்வைஸுக்குப் பஞ்சமே இல்ல. காதுக்குத்தான் பஞ்சம்!

இதுல வேடிக்கை என்னன்னா, அடுத்தவங்க மனசைக் கேட்கிறதையே தொழிலா எடுத்துக்கிற சைக்கோதெரபிஸ்ட்டுகளும் இதே ஊர்ல, இதே அட்வைஸுக்கு நடுவுல வளர்ந்தவங்கதான். மருந்து, மாத்திரை இல்லாம பேச்சு மூலமாவே சிகிச்சை கொடுக்கிற வேலை அது. அதுக்கான தியரியை புத்தகத்துல படிச்சிடலாம். ஆனா முன்பின் தெரியாத ஒருத்தர் எதிர்ல வந்து உட்கார்ந்து, பெத்தவங்ககிட்டகூட சொல்லாததை நம்மகிட்ட சொல்லணும்னா, முதல்ல ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு உறவு உண்டாகணுமே... அதை எப்படிக் கத்துக்கிறது?

அதுக்குன்னே பயிற்சி இருக்கு. சைக்காலஜி படிக்கிற புண்ணியத்துல, பாலக்கரையில ஒரு மாடி ஹால்ல நடந்த அந்தப் பயிற்சியைப் பல சனிக்கிழமை கூடவே இருந்து பார்த்தேன். மனுஷங்களைப் பத்தி மூணு வருஷ டிகிரி சொல்லிக் கொடுக்காத சில விஷயங்களை அந்த ஹால் சொல்லிக் கொடுத்துச்சு.

மூணு சேர்... ஒரு பேப்பர்!

செட்டப் ரொம்ப சிம்பிள். மூணு மூணு பேரா பிரியணும். ஒருத்தர் தெரபிஸ்ட், ஒருத்தர் கஷ்டத்தோட வந்தவர், மூணாவது ஆள் அப்சர்வர். எனக்குப் பெரும்பாலும் அப்சர்வர் வேலை. கையில ஒரு பேப்பர். அதுல நாலு கட்டம்: எத்தனை கேள்வி, எத்தனை அட்வைஸ், எத்தனை 'உம்', எவ்வளவு நேரம் மௌனம். ஐபிஎல் ஸ்கோரர் மாதிரி கோடு போட்டுக்கிட்டே இருக்கணும்.

முதல் வாரம் ஒரு ஜோடிக்கு நான் போட்ட கணக்கு: பத்து நிமிஷத்துல 27 கேள்வி, 6 அட்வைஸ், மௌனம் பூஜ்யம். "எப்போலேருந்து இப்படி இருக்கு? வீட்ல யார் யாரெல்லாம்? அப்பா என்ன பண்றார்? தூக்கம் வருதா? லவ் ஏதாவது?" கஷ்டத்தோட வந்தவரா நடிச்ச தோழி, "போலீஸ் ஸ்டேஷன்ல புகார் கொடுக்க வந்த மாதிரி இருந்துச்சு மேடம். கடைசியில நான்தான் அக்யூஸ்ட்டோன்னு டவுட் வந்துடுச்சு"ன்னு சொன்னதும் ஹாலே சிரிச்சுது.

ஜன்னலுக்கு வெளியே "சத்திரம், சத்திரம்"னு கண்டக்டர் குரல், ஹாரன், நடுவுல சகாயமாதா கோயில் மணி. ஒருத்தர் எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். பயிற்சி கொடுத்த மேடம் தடுத்துட்டாங்க. "நாளைக்கு உங்களுக்குக் கிடைக்கப்போறது ஏ.சி. ரூம் இல்லப்பா. ஆஸ்பத்திரி வராண்டாவா இருக்கலாம், ஸ்கூல்ல லேப் பக்கத்து ரூமா இருக்கலாம். இந்தச் சத்தத்துலயே எதிர்ல இருக்கிறவர் குரல் கம்முறது உங்களுக்குக் கேட்கணும்!"

அவன் ரெண்டாவது தடவை போகவே இல்லை

'இதெல்லாம் சும்மா டிராமாதானே'ன்னு நினைக்கலாம். என் ரூம்மேட் கதையைச் சொன்னா நினைக்க மாட்டீங்க. ரெண்டாவது வருஷம் அரியர் மேல அரியர். சாப்பாடு குறைஞ்சுது, குளிக்கிறதுகூட நின்னு போச்சு. கெஞ்சிக் கூத்தாடி ஒரு கவுன்சலர்கிட்ட அனுப்பி வெச்சோம். போன வேகத்துல திரும்பி வந்தான். "எப்படிடா இருந்துச்சு?"

"நல்ல மனுஷன்தான் மச்சி. ஆனா அவர் சொன்னதெல்லாம் எங்கப்பா ஏற்கெனவே சொன்னதுதான். அப்பா ஃப்ரீயா சொன்னார்."

கேட்கும்போது சிரிச்சோம். ஆனா அதுக்கப்புறம் எட்டு மாசம் அவன் யார்கிட்டயும் போகல. அந்த எட்டு மாசம் ராத்திரியில அவன் கட்டில்ல அசைவு கேட்குதான்னு நாங்க முறை போட்டு முழிச்சுக்கிட்டிருந்தது எங்களுக்குத்தான் தெரியும். அப்புறம் வேற ஒரு மேடம்கிட்ட போனான். திரும்பி வந்தவன் கண்ணு சிவந்திருந்துச்சு. "அந்த மேடம் ஒண்ணுமே சொல்லல மச்சி. ஆனா நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்." அடுத்த வாரம் நாங்க ஞாபகப்படுத்தாமலே கிளம்பிப் போனான்.

அவங்க ரெண்டு பேரும் படிச்ச படிப்பு ஏறக்குறைய ஒண்ணுதான். கேட்கிற விதம்தான் வேற. அந்த வித்தியாசத்துக்கு விலை, ஒரு பையனோட எட்டு மாசம்.

வாத்தியார்கள் கலக்கின கதை!

இந்த உறவு விஷயத்தை உலகம் எப்ப சீரியஸா எடுத்துச்சு? அமெரிக்காவுல கார்ல் ராஜர்ஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட். 1940-களோட ஆரம்பத்துல, ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில, தெரபியை இசைத்தட்டுல பதிவு பண்ண ஆரம்பிச்சார். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை தட்டு மாத்தணும், அவ்வளவு இம்சை! ஆனா அதுவரைக்கும் மூடின கதவுக்குள்ள நடந்த விஷயம் முதல் தடவையா மாணவர்கள் காதுக்கு வந்துச்சு. 1942-ல வந்த அவர் புத்தகத்துல ஒரே ஆளோட 8 சந்திப்புகளை வார்த்தைக்கு வார்த்தை அச்சடிச்சிருந்தார். 1957-ல, எதிர்ல இருக்கிறவரை அவர் நிலையில இருந்து புரிஞ்சுக்கிறது, நிபந்தனை இல்லாம மதிக்கிறது, பொய் முகம் காட்டாம இருக்கிறது... இந்த மாதிரி விஷயங்கள்தான் ஒருத்தரை மாத்துதுன்னு அடிச்சுச் சொன்னார்.

1979-ல அமெரிக்காவுல வாண்டர்பில்ட் யுனிவர்சிட்டியில ஸ்ட்ரப், ஹேட்லின்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணினாங்க. நம்மளை மாதிரி காலேஜ் பசங்க, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவங்க. ஒரு பாதிப் பேரை அனுபவசாலி தெரபிஸ்ட்டுகள்கிட்ட அனுப்பினாங்க. இன்னொரு பாதியை, பசங்ககிட்ட அன்பா பழகுறவங்கன்னு பேர் வாங்கின காலேஜ் புரொஃபசர்கள்கிட்ட அனுப்பினாங்க. ரிசல்ட்? சராசரியா பார்த்தா ரெண்டு குரூப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்துச்சு!

'அப்ப படிப்பே வேணாமா?'ன்னு கேட்காதீங்க. தீவிரமான மனநோய்க்கெல்லாம் அன்பு மட்டும் போதாது. ஆனா அன்பா பழகத் தெரியாத படிப்பும் ஓடாதுன்னு புரிஞ்சுது. அதே யுனிவர்சிட்டியில 16 தெரபிஸ்ட்டுகளுக்கு ஒரு கையேட்டை வெச்சு பயிற்சி கொடுத்தாங்க. 1993-ல வெளிவந்த முடிவு செம ஷாக். கையேட்டுல சொன்ன டெக்னிக்கை எல்லாம் பக்காவா செஞ்சாங்க. ஆனா வந்தவங்ககிட்ட சிடுசிடுப்பும் குத்தலும் முன்னைவிட கூடிடுச்சு! ரூல் புக்கைப் பார்த்துக்கிட்டே பைக் ஓட்டினா ரோட்டை யார் பார்க்கிறது?

அப்புறம் 2009-ல டிமோத்தி ஆண்டர்சன் குழு ஒரு டெஸ்ட் வெச்சாங்க. கோபப்படுறவர், வாயே திறக்காதவர், எல்லாத்துக்கும் தலையாட்டுறவர்னு, சமாளிக்கக் கஷ்டமான ஆட்களோட வீடியோவைப் போட்டு, 'இப்ப நீங்க என்ன சொல்வீங்க?'ன்னு கேட்டு அந்தப் பதிலைப் பதிவு பண்ணி மார்க் போட்டாங்க. 25 தெரபிஸ்ட்டுகள், அவங்ககிட்ட வந்த 1,141 பேர். இந்த டெஸ்ட்ல நல்ல மார்க் வாங்கினவங்ககிட்ட வந்தவங்கதான் அதிகமா தேறினாங்க. 'நான் யார்கிட்டயும் ஈஸியா பழகுவேன்'னு தன்னைத்தானே சொல்லிக்கிட்டது எதையும் காட்டிக்கொடுக்கல. அதாவது பாஸ், கலகலப்பா பேசுறது வேற, ஒருத்தர் முறுக்கிக்கிட்டு உட்காரும்போது பக்குவமா பேசுறது வேற!

தமிழ்ல எப்படிச் சொல்றது?

அமெரிக்கா கதை இருக்கட்டும். பாலக்கரை ஹால்ல பெரிய தலைவலியே மொழிதான். இங்கிலீஷ் புத்தகத்துல, வந்தவர் சொன்னதோட உணர்ச்சியைத் திருப்பிச் சொல்லணும்னு இருக்கும். நம்மாளு ஒருத்தர் அதை அப்படியே தமிழ்ப்படுத்தி, "நீங்கள் மிகவும் வருத்தமாக உணர்வதுபோல் எனக்குத் தோன்றுகிறது"ன்னாரு. எதிர்ல இருந்தவர் ரேடியோவுல செய்தி கேட்கிற மாதிரி முழிச்சார்!

எந்த வீட்ல 'நான் வருத்தமாக உணர்கிறேன்'னு பேசுறாங்க? "மனசு விட்டுப் போச்சு"ன்னு சொல்வாங்க. "நெஞ்சுல கல்லைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்கு", "வயித்துல புளியைக் கரைக்குது", "தலை பாரமாவே இருக்கு தம்பி"ம்பாங்க. நம்ம ஊர்ல மனசு, உடம்பு வழியாத்தான் பேசும். அதனால மேடம் ஒரு வேலை கொடுத்தாங்க. அடுத்த வாரம் வரும்போது, அவங்கவங்க வீட்ல துக்கம், பயம், கோபம், அவமானத்துக்குச் சொல்ற வார்த்தைகளை எழுதிட்டு வரணும். மணப்பாறைப் பக்கம் ஒண்ணு, லால்குடிப் பக்கம் ஒண்ணு, ஸ்ரீரங்கத்துல ஒண்ணு. போர்டு நிரம்பிடுச்சு. அதுக்கப்புறம், "கல்லு எப்பலேருந்து நெஞ்சுல இருக்கும்மா?"ன்னு ஒருத்தர் கேட்டதும், அம்மாவா நடிச்ச தோழிக்கு நிஜமாவே கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்த சிக்கல், எப்படிக் கூப்பிடுறது? இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில முடிஞ்சுது. நமக்கு நீ, நீங்க, தம்பி, அண்ணே, அக்கா, அம்மா, சார்னு எல்லாத்துக்கும் ஒரு உறவு உண்டு. அறுபது வயசு அம்மா உள்ள வந்ததும் "என்ன தம்பி, சாப்பிட்டியா?"ன்னு ஆரம்பிச்சா, "நான் உங்க தெரபிஸ்ட்"னு விறைப்பா உட்கார முடியுமா? மேடம் சொன்ன பதில் என் நோட்டுல இன்னும் இருக்கு: "அம்மான்னு கூப்பிடுங்க, தப்பே இல்ல. ஆனா அம்மான்னு கூப்பிட்டுட்டு மகன் மாதிரி கோவிச்சுக்கக் கூடாது."

அப்புறம் ரகசியம். திருச்சியில நாலு தெருவுக்குள்ள நாப்பது சொந்தக்காரங்க இருப்பாங்க. தீபாவளி சமயத்துல என்.எஸ்.பி. ரோட்டுல, துணிப் பையும் குடும்பமுமா வர்ற ஒருத்தரைத் தெரபிஸ்ட் நேருக்கு நேர் பார்த்துட்டா? "ஹலோ, இப்ப தூக்கம் எப்படி இருக்கு?"ன்னு கேட்டா முடிஞ்சுது கதை! அதனால முதல் நாளே பேசிக்கணும்: "வெளியில பார்த்தா நானா வந்து பேச மாட்டேன். நீங்க பேசினா பேசுறேன். கண்டுக்காம போனாலும் தப்பா நினைக்க மாட்டேன்." இதைச் சொல்லிப் பழகவே ஒரு மணி நேரம் ஒதுக்கினாங்க. நம்பிக்கைங்கிறது இந்த மாதிரி சின்னச் சின்ன ஒப்பந்தத்துலதான் ஆரம்பிக்குது.

முறுக்கிக்கிட்டா என்ன பண்றது?

எல்லாருக்கும் பயங்கரமான ரவுண்டு இது. கஷ்டத்தோட வந்தவரா நடிக்கிறவர் தெரபிஸ்ட்டையே அட்டாக் பண்ணணும். ஒரு சீனியர் அண்ணன் பிச்சு உதறினார். "ஏன் தம்பி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? ஆகல. அப்புறம் என் பொண்டாட்டி விஷயத்துல நீங்க என்ன சொல்லிடப் போறீங்க?"

முதல் ஆள், "நான் எம்.எஸ்ஸி. முடிச்சிருக்கேன் சார்"னு சர்ட்டிஃபிகேட்டை நீட்டினார். அவுட். ரெண்டாவது ஆள் "ஸாரி சார், ஸாரி சார்"னு குழைஞ்சார். அவுட். மூணாவதா ஒரு பொண்ணு வந்து உட்கார்ந்தா. அவளுக்கும் அதே அட்டாக். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு மெதுவா சொன்னா: "இந்தச் சின்னப் பொண்ணுக்கு நம்ம கஷ்டம் புரியுமான்னு தோணுது. நியாயம்தான் சார். எது எனக்குப் புரியாம போயிடும்னு நினைக்கிறீங்களோ, அதுலேருந்தே ஆரம்பிங்களேன்."

ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். அந்த அண்ணனுக்கு அடுத்த டயலாக்கே வரல.

உறவுல விரிசல் வராம இருக்கவே இருக்காது. ஜெரமி சாஃப்ரான், கிறிஸ்டோஃபர் முரான்னு ரெண்டு பேர் நியூயார்க்ல இதையே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணினாங்க. விரிசல் வந்ததும் மூடி மறைக்காம, அதைப் பத்தியே ரெண்டு பேரும் பேசிக்கிறதுதான் சிகிச்சையில முக்கியமான கட்டம்னு சொன்னாங்க. யோசிச்சுப் பாருங்க... சண்டை போட்ட எத்தனை ஃப்ரெண்ட்கிட்ட நாம அந்தச் சண்டையைப் பத்தியே உட்கார்ந்து பேசியிருக்கோம்? பேச்சை நிறுத்துவோம். இல்லேன்னா ஒண்ணுமே நடக்காத மாதிரி 'ஹாய்' சொல்லுவோம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்குன்னு அன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன்.

கோவாவும் சென்னையும்

'ஊர் பூராவும் சைக்கோதெரபிஸ்ட்டுக்கு நாம எங்கே போறது?' நல்ல கேள்வி. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-ல தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்கள்ல எடுத்த தேசிய சர்வேயில, மனநலப் பிரச்னை உள்ளவங்கள்ல சிகிச்சை கிடைக்காதவங்க நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம்! இந்த ஓட்டையை நிபுணர்களை மட்டும் வெச்சு அடைக்க முடியாது.

அதான் விக்ரம் படேல் குழு கோவாவுல வேற ரூட் பிடிச்சாங்க. மனநலப் படிப்பே படிக்காத உள்ளூர் ஆட்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, 10 ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல உட்கார வெச்சாங்க. தீவிர மனச்சோர்வு உள்ளவங்களுக்கு 6 முதல் 8 சந்திப்பு. 'லான்செட்' இதழ்ல 2017-ல வந்த கணக்குப்படி, மூணு மாசத்துல இந்தப் பேச்சு சிகிச்சை கிடைச்சவங்கள்ல 64 சதவீதம் பேர் தேறியிருந்தாங்க. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 39 சதவீதம்தான்.

எப்படி சாத்தியமாச்சு? அங்கேயும் ரகசியம் பயிற்சிதான். சந்திப்புகளைப் பதிவு பண்ணி, கவுன்சலர்கள் ஒண்ணா உட்கார்ந்து கேட்டு, ஒருத்தருக்கொருத்தர் மார்க் போட்டுக்குவாங்க. சிகிச்சை முறைக்குத் தனி மார்க், பழகின விதத்துக்குத் தனி மார்க். நம்ம ஹால்ல நான் கோடு போட்ட பேப்பரோட பெரிய அண்ணன்தான் அது!

நம்ம சென்னையில 'சிநேகா' இருக்கு. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல ஆரம்பிச்ச தற்கொலைத் தடுப்பு மையம். அங்கே போனை எடுக்கிறவங்க தெரபிஸ்ட் இல்ல, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். தீர்ப்பு சொல்லாம, அட்வைஸ் மழை பொழியாம, தோழமையோட கேட்கிறதுதான் அவங்க வேலை. கேட்க ஆள் இருக்குங்கிறதே எத்தனையோ பேருக்கு அந்த ராத்திரியைத் தாண்டப் போதுமானதா இருக்கு.

உம் கொட்டு!

பயிற்சி முடியிற நேரத்துல என் பேப்பரோட கணக்கு மாறியிருந்துச்சு. முதல் வாரம் 27 கேள்வி போட்ட அதே ஆள், இப்ப பத்து நிமிஷத்துல அஞ்சே கேள்வி. அட்வைஸ் கட்டம் காலி. 'உம்' கட்டத்துல இடமே இல்ல. மௌனம் மட்டும் ஒரு நிமிஷத்துக்கு மேல. அவர் ஒண்ணும் புது மனுஷனா மாறிடல. நெட் பிராக்டீஸ்ல பேட்டைத் தூக்காம பாலை விடக் கத்துக்கிட்ட பேட்ஸ்மேன் மாதிரி, வாய்க்கு வர்ற அட்வைஸை விடக் கத்துக்கிட்டார். அவ்வளவுதான்.

அப்பத்தான் ஒண்ணு தோணிச்சு. நம்ம பாஷையில 'கேள்'னா ரெண்டு அர்த்தம். கேள்வி கேட்கிறதும் கேட்கிறதுதான், காது கொடுக்கிறதும் கேட்கிறதுதான். திருவள்ளுவர் 'கேள்வி'ன்னு தனி அதிகாரமே வெச்சது ரெண்டாவது அர்த்தத்துலதான். சாவு வீட்டுக்குப் போறதை 'துக்கம் கேட்கப் போறேன்'னு சொல்றோம். அங்கே போய் யாரும் கேள்வியா கேட்டுக்கிட்டிருக்கிறதில்ல. பக்கத்துல உட்கார்ந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு, அவங்க சொல்லிச் சொல்லி அழுறதைக் கேட்டுட்டு வர்றோம். பாட்டி கதை சொல்லும்போது 'உம்' கொட்டலேன்னா கதையை நிறுத்திடுவாங்க. ராஜர்ஸ் இசைத்தட்டுல தேடினது நம்ம திண்ணையிலயும் இருந்திருக்கு. இடையில எப்பவோ அட்வைஸ் வந்து அந்தத் திண்ணையில படுத்துக்கிச்சு!

கடைசியா ஒரு விஷயம் ஃப்ரெண்ட்ஸ். உங்களுக்கோ உங்க ரூம்மேட்டுக்கோ யார்கிட்டயாவது பேசணும்னு தோணிச்சுன்னா தள்ளிப் போடாதீங்க. மத்திய அரசோட டெலி மானஸ் 14416, எந்நேரமும், தமிழ்லயும் பேசலாம். சிநேகா 044 24640050. நேர்ல ஒரு கவுன்சலரைப் பார்த்துட்டு வெளியே வரும்போது ஒண்ணே ஒண்ணு யோசிங்க: அவர் சொன்னது அதிகமா, நீங்க சொன்னது அதிகமா? நீங்க சொன்னதுதான் அதிகம்னா, சரியான ஆள்கிட்டதான் வந்திருக்கீங்க. இல்லேன்னா வேற ஆளைப் பாருங்க. ஒரு டெய்லர் அளவை விட்டுட்டார்ங்கிறதுக்காக சட்டை போடுறதையே நிறுத்திடறோமா என்ன?